கோடியில் நமக்கென்று ஒரு ஃபோல்டர் உலாவி: ஆட்-ஆன் எழுத நினைப்பவருக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான். வீட்டு டிவியோடு ராஸ்பெர்ரி பை என்ற ஒரு சின்னக் கணினி, அதில் கோடி (Kodi) என்ற வீடியோ பார்க்கும் மென்பொருள் ஓடுகிறது. நெட்வொர்க்கில் மாட்டிய ஹார்டு டிஸ்கில் இருபது வருடத்துக் குடும்ப வீடியோக்கள், கல்யாண டிவிடிகள், கச்சேரிப் பதிவுகள். அப்பாவும் அம்மாவும் ரிமோட்டை வைத்தே ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து பார்க்கும்படி கோடிக்கு ஓர் ஆட்-ஆன், அதாவது கூடுதல் நிரல், எழுத வேண்டும். பைதான் ஓரளவு தெரியும். எங்கே தொடங்குவது, எங்கெல்லாம் சறுக்கும்?

எழுதுவதற்கு முன், ஆட்-ஆன் நிஜமாகவே வேண்டுமா என்று பார்த்துவிடுங்கள். கோடியிலேயே வீடியோ பகுதிக்குள் ஃபைல்களாக உலாவும் வழி இருக்கிறது. அது போக இரண்டு பலகை கொண்ட ஃபைல் மேனேஜரும் உண்டு. திறந்து பார்ப்பது மட்டும்தான் தேவை என்றால் அதுவே போதும். கோடியின் லைப்ரரி உங்களுக்கு உதவாது என்பது உண்மைதான். அது படத்தின் பெயரை வைத்து இணையத் தரவுத்தளத்தில் தேடி போஸ்டரும் கதைச்சுருக்கமும் கொண்டுவருகிற ஏற்பாடு. உங்கள் அத்தை கல்யாணம் அந்தத் தரவுத்தளத்தில் இருக்காது. ஆனால் குப்பை ஃபைல்களை மறைக்க வேண்டும், பெயர்கள் தமிழ் அகரவரிசையில் வர வேண்டும், கல்யாண டிவிடி பத்துத் துண்டாகத் தெரியாமல் ஒரே வரியாகத் தெரிய வேண்டும் என்றால் ஆட்-ஆன் எழுதத்தான் வேண்டும். இந்த மூன்றும் வேண்டும் என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

கோடி 2002-03 வாக்கில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகப் பிறந்த மென்பொருள். எக்ஸ்பிஎம்சி என்ற பழைய பெயர் 2014-ல்தான் கோடி ஆயிற்று. அதனால் பைதான் மாட்யூல்கள் இன்றும் எக்ஸ்பிஎம்சி என்றே தொடங்கும்; பார்த்துக் குழம்ப வேண்டாம். உண்மையில் குழப்புவது வேறொன்று. இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பாதி பைதான் 2 காலத்தவை. 2021 பிப்ரவரியில் வந்த கோடி 19, மேட்ரிக்ஸ், முழுக்க பைதான் 3-க்கு மாறிவிட்டது. கோடியின் சிறப்புப் பாதைகளை உண்மையான பாதையாக்கும் டிரான்ஸ்லேட்பாத், பழைய பாடத்தில் எக்ஸ்பிஎம்சி மாட்யூலில் இருக்கும்; இப்போது அது ஃபைல்களைக் கையாளும் விஎஃப்எஸ் மாட்யூலுக்குக் குடிபோய்விட்டது. கோடி 20-ல் பழைய இடத்தில் அது இல்லவே இல்லை. வீடியோவின் தலைப்பு, வருடம் போன்றவற்றை நிரப்பும் செட்இன்ஃபோவையும் 20-லிருந்து கைவிடச் சொல்கிறார்கள். கெட்வீடியோஇன்ஃபோடேக் வழியாக ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். மாதிரி நிரலில் செட்இன்ஃபோ கண்ணில் பட்டால் அந்தப் பாடத்தின் வயது தெரிந்துவிடும்.

ஆட்-ஆன் என்பது ஒரு ஃபோல்டர். உள்ளே ஆட்ஆன்.எக்ஸ்எம்எல் என்ற அடையாள அட்டை, ஒரு பைதான் ஃபைல், ஐகான் படம், ரிசோர்சஸ் என்ற உள்ஃபோல்டரில் செட்டிங்ஸும் மொழிச் சரங்களும். அடையாள அட்டையில் பைதான் 3.0.0 வேண்டும் என்றும், இது ப்ளகின் (அழுத்தினால் பட்டியல் தருகிற) வகை, வீடியோ தரும் என்றும் எழுதினால் கோடியின் வீடியோ ஆட்-ஆன் பட்டியலில் வந்து உட்கார்ந்துவிடும். அரை மணி நேர வேலை.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

உங்கள் நிரல் ஓடிக்கொண்டே இருக்காது. அப்பா ஒரு ஃபோல்டரை அழுத்துகிறார். கோடி உங்கள் பைதான் ஃபைலை முதல் வரியிலிருந்து ஓட்டுகிறது. நிரல் ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டு முடிந்துபோகிறது. அடுத்த ஃபோல்டரை அழுத்தினால் மறுபடியும் முதல் வரியிலிருந்து. போன முறை மாறியில் வைத்தது எதுவும் இந்த முறை இருக்காது. டெஸ்க்டாப் நிரல் எழுதிப் பழகியவர்கள் "இப்போது எந்த ஃபோல்டரில் இருக்கிறோம்" என்பதை ஒரு குளோபல் மாறியில் வைப்பார்கள். அடுத்த அழுத்தலில் அது காலியாக இருக்கும். இணையதளத்தின் சர்வர் பக்கம் எழுதியவர்களுக்கு இது பழகிய வீடு: கேள்வி வரும், பதில் போகும், அவ்வளவுதான். நினைவில் வைக்க வேண்டியதெல்லாம் கேள்விக்குள்ளேயே, அதாவது முகவரிக்குள்ளேயே போக வேண்டும்.

கோடி உங்கள் நிரலை அழைக்கும்போது முக்கியமாக மூன்று செய்திகள் தருகிறது. முதலாவது, ப்ளகின் என்று தொடங்கும் உங்கள் ஆட்-ஆனின் முகவரி. இரண்டாவது, ஓர் எண். பதிலை எந்த ஜன்னலில் கொடுப்பது என்பதற்கான டோக்கன். மூன்றாவது, கேள்விக்குறியோடு தொடங்கும் கேள்விச் சரம். டோக்கன் உங்கள் கைக்குச் சரமாகத்தான் வரும். முழு எண்ணாக மாற்றாமல் திருப்பிக் கொடுத்தால் பிழை. கேள்விச் சரத்தின் முதல் எழுத்தான கேள்விக்குறியை வெட்டிவிட்டுப் பிரிக்க வேண்டும்.

முகவரியைக் கையால் ஒட்டிச் செய்யாதீர்கள். ஒரு ஃபோல்டரின் பெயர் "தாத்தா & பாட்டி 60" என்று வைத்துக்கொள்வோம். பாதையை அப்படியே கேள்விச் சரத்தில் ஒட்டினால், பிரிக்கும்போது & என்ற குறியில் வெட்டுப்பட்டு உங்களுக்குத் "தாத்தா " மட்டும்தான் கிடைக்கும். கோடி அந்த ஃபோல்டரைத் தேடிப்பார்த்து இல்லை என்று சொல்லும். பைதானின் யூஆர்எல்என்கோடு இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும். தமிழ்ப் பெயர்களில் முகவரி நீளமாகும்: கொலு என்ற சொல் யூனிகோடில் நான்கு குறியீடு, யூடிஎஃப்-8-ல் பன்னிரண்டு பைட், முகவரியில் முப்பத்தாறு எழுத்து. கோடி எழுதிவைக்கும் பதிவேடான லாகில் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சரியாகத்தான் இருக்கிறது.

ஃபோல்டருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க பைதானின் சொந்த ஓஎஸ் மாட்யூலைப் பயன்படுத்தாதீர்கள். அதற்கு உள்ளூர் டிஸ்க் மட்டும்தான் தெரியும். கோடியின் விஎஃப்எஸ் மாட்யூலில் உள்ள லிஸ்ட்டிர், எஸ்எம்பி, என்எஃப்எஸ் என்ற பகிர்வு முறைகள் வழி நெட்வொர்க் டிஸ்கையும் ஜிப் ஃபைலின் உள்ளேயும் ஒரே மாதிரி திறக்கும். ஃபோல்டர்கள் ஒரு பட்டியல், ஃபைல்கள் ஒரு பட்டியல் என்று பிரித்தே தரும். வரிசைக்கு மட்டும் அதை நம்ப முடியாது. இன்னொன்று: ஒரு ஃபோல்டர் இருக்கிறதா என்று கேட்கும்போது பாதையின் கடைசியில் சாய்கோடு இருக்க வேண்டும், விட்டுவிட்டால் இருக்கிற ஃபோல்டரையே இல்லை என்று சொல்லிவிடும்.

வந்த பட்டியலில் சலிக்க வேண்டியது நிறைய. விண்டோஸ் போட்டுவைக்கும் தம்ப்ஸ் ஃபைல், மேக் போட்டுவைக்கும் டிஎஸ் ஸ்டோர் ஃபைல் எல்லாம் நீட்சிப் பெயரைப் பார்த்தே போய்விடும். எவையெல்லாம் வீடியோ நீட்சிகள் என்று கோடியிடமே கேட்கலாம், கெட்சப்போர்ட்டட்மீடியா என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. நீங்களாக ஒரு பட்டியல் எழுதினால் ஒன்றிரண்டு விட்டுப்போகும். மேக்கிலிருந்து பென் டிரைவ் வழியாக வந்த ஃபைல்களில்தான் சிக்கல். ஒவ்வொரு வீடியோவுக்கும் பக்கத்தில் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வைத்த ஒரு நிழல் ஃபைல் இருக்கும். அதன் நீட்சியும் எம்பி4 என்றே இருக்கும், அளவு சில கிலோபைட்தான். சல்லடையில் தப்பித் திரையில் வந்து நிற்கும், அழுத்தினால் ஓடாது. பெரியவர்கள் வீடியோ கெட்டுப்போய்விட்டது என்றே நினைப்பார்கள். புள்ளியில் தொடங்கும் எதையும் காட்டாதீர்கள்.

வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். லிஸ்ட்டிர் பெயரை மட்டுமே தரும். அளவும் தேதியும் தராது. அதனால் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனியாக ஸ்டாட், அதாவது ஃபைலின் விவரம், கேட்கத் தோன்றும். நெட்வொர்க் டிஸ்கில் ஒரு கேள்வி போய்வர 20 மில்லிசெகண்ட் என்றாலும், 800 ஃபைல் உள்ள ஃபோல்டருக்கு 16 விநாடி. டிவி முன்னால் 16 விநாடி என்பது ரிமோட்டை நாலு முறை அழுத்திப் பார்க்கிற நேரம். முதல் திரையில் அளவும் தேதியும் யாருக்கும் தேவையில்லை, கேட்காதீர்கள். தேதி வரிசை கட்டாயம் வேண்டுமென்றால் கோடியிடம் நிரல்கள் கேள்வி கேட்கும் வழியான ஜேசன்-ஆர்பிசி மூலமாக ஃபைல்ஸ்.கெட்டைரக்டரி என்று கேளுங்கள். முழு ஃபோல்டருக்கும் அளவு, மாற்றிய தேதி எல்லாம் சேர்த்து ஒரே பதிலாகத் தரும். பட்டியலின் வரிகளைச் செய்யும்போது, ஒவ்வொரு வரிக்குமான லிஸ்ட்ஐட்டத்துக்கு ஆஃப்ஸ்கிரீன் என்ற கொடியை உண்மை என்று கொடுங்கள். ஒவ்வொரு வரியாகச் சேர்க்காமல் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக்கி ஆட்டைரக்டரிஐட்டம்ஸில் ஒரே தடவையாகக் கொடுங்கள். பழைய ராஸ்பெர்ரி பையில் இந்த இரண்டின் பலன் கண்ணுக்குத் தெரியும்.

பட்டியலை முடித்ததும் எண்ட்ஆஃப்டைரக்டரி சொல்லியே ஆக வேண்டும், பிழை வந்தாலும்கூட. நெட்வொர்க் டிஸ்க் அணைந்திருக்கிறது, பட்டியல் வரவில்லை என்றால் "வெற்றி இல்லை" என்று அதே ஃபங்ஷனில் சொல்லி, திரையில் ஒரு சின்ன அறிவிப்பும் காட்டிவிட்டு முடியுங்கள். சொல்லாமல் விட்டால் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருப்பார்.

இனித் தமிழ். ஆங்கிலத்தில் எழுதிய எந்தப் பாடத்திலும் இது இருக்காது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

கொ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரமும் ஒகரக் குறியும் என்று இரண்டு குறியீடாக வைப்பது ஒரு விதம். ககரம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்றாகப் பிரித்து வைப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கோ, கௌ போன்றவற்றுக்கும் இதே கதைதான். விண்டோஸிலோ போனிலோ சாதாரணமாகத் தட்டச்சு செய்தால் முதல் விதம் வரும். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். அங்கிருந்து நகலெடுத்த ஃபோல்டர்கள் இரண்டாவது விதத்தில் வரும். அம்மா தேடலில் கொலு என்று அடிக்கிறார், கண்ணெதிரே கொலு 2009 என்று ஃபோல்டர் இருக்கிறது, தேடல் ஒன்றும் இல்லை என்கிறது. பைட்டுகள் வேறு வேறு, அதனால்தான்.

தீர்வு எளிது. பைதானின் யூனிகோடுடேட்டா மாட்யூலில் நார்மலைஸ் என்ற ஃபங்ஷனை என்எஃப்சி வடிவத்தில் ஓட்டினால் பிரிந்தது சேர்ந்துவிடும். ஆனால் ஓர் எச்சரிக்கை: காட்டும் பெயருக்கும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் மட்டுமே இதைச் செய்யுங்கள். திறக்க வேண்டிய பாதையை டிஸ்க் எப்படிக் கொடுத்ததோ அப்படியே வைத்திருங்கள். லினக்ஸின் எக்ஸ்ட்4 போன்ற ஃபைல் சிஸ்டத்துக்கு இந்த இரண்டும் இரண்டு வேறு பெயர்கள். பாதையைத் திருத்திவிட்டால் அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றுதான் பதில் வரும்.

அடுத்தது வரிசை. பைதானின் சார்ட்டட் குறியீட்டு எண்படி அடுக்கும். யூனிகோடில் நகரத்துக்கு அடுத்து உடனே னகரம், ரகரத்துக்கு அடுத்து றகரம். ழகரமும் ளகரமும் வகரத்துக்கு முன்னால். நம் நெடுங்கணக்கு அப்படியில்லை: ய ர ல வ ழ ள ற ன. இது போதாதென்று புள்ளியின் எண் எல்லா மெய்களுக்கும் உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருக்கிறது. அதனால் பகல் முன்னாலும் பக்கம் பின்னாலும் வரும். அகராதியில் க் முதலில், க பிறகு. எழுபது ஃபோல்டர் உள்ள பட்டியலில் அகராதி பார்த்துப் பழகிய ஒருவர் தேடினால் கிடைக்காது.

இருபது வரியில் ஒரு வரிசைச் சாவி, அதாவது பெயரை அடுக்க உதவும் எண்களாக்கும் ஃபங்ஷன், எழுதிவிடலாம். மெய்களுக்கு நெடுங்கணக்குப்படி எண் கொடுங்கள். ஒவ்வொரு மெய்க்கும் பின்னால் புள்ளி இருந்தால் 0, எதுவும் இல்லையென்றால் அகரம் என்று 1, துணைக்கால் 2, அப்படியே ஔகாரம் வரை. இலக்கங்கள் தொடர்ந்து வந்தால் முழு எண்ணாக எடுங்கள். இல்லாவிட்டால் பகுதி 10, பகுதி 2-க்கு முன்னால் போய்விடும். எண்ணையும் எழுத்தையும் நேராக ஒப்பிட்டால் பைதான் 3 பிழை சொல்லும் என்பதால், ஒவ்வொன்றையும் வகை, மதிப்பு என்று ஜோடியாக வையுங்கள். என்எஃப்சி ஆக்கிய பிறகே சாவி எழுதுங்கள், இல்லையென்றால் பிரிந்த கொ இங்கேயும் வழுக்கும். கடைசியாக, வரிசை முறை "அடுக்காதே" என்பதாக இருக்கட்டும். லேபிள் வரிசை என்று போட்டுவிட்டால் நீங்கள் அடுக்கியதைக் கோடி கலைத்துத் தன் வழியில் அடுக்கும்.

எழுத்துகள் பெட்டி பெட்டியாகத் தெரிந்தால் உங்கள் நிரலில் பிழையில்லை. கோடியின் தோற்றத்துக்கான ஸ்கின் செட்டிங்ஸில் எழுத்துருவை ஏரியல் அடிப்படையிலானதாக மாற்றிப் பாருங்கள்.

கல்யாண டிவிடி. ஸ்டூடியோக்காரர் கொடுத்த டிஸ்கை அப்படியே நகலெடுத்தால் வீடியோ-டிஎஸ் என்று ஒரு ஃபோல்டர் வரும். உள்ளே டிவிடியின் அமைப்பைச் சொல்லும் ஐஎஃப்ஓ ஃபைல்கள், அவற்றின் காப்புக்கு பியுபி ஃபைல்கள், படம் விஓபி துண்டுகளாக. ஒரு துண்டு 1 ஜிபியைத் தாண்டாது என்பது டிவிடியின் விதி. அதனால் முகூர்த்தம் ஒரு துண்டின் கடைசியில் தொடங்கி அடுத்ததில் முடியும். நீங்கள் இதைச் சாதாரண ஃபோல்டராகக் காட்டினால், தாலி கட்டும் நேரத்தில் படம் நின்றுவிடும். எனவே ஒரு ஃபோல்டரைத் திறந்ததும் அதற்குள் வீடியோ-டிஎஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் உள்ளே உள்ள அதே பெயர் கொண்ட ஐஎஃப்ஓ ஃபைலின் பாதையைக் கொடுத்து, மேல் ஃபோல்டரின் பெயரில் ஒரே ஒரு வரி. கோடி அதை முழு டிவிடியாக, மெனுவோடு, ஒரே ஓட்டமாக ஓட்டும். ப்ளூ-ரே நகல் என்றால் பிடிஎம்வி என்ற ஃபோல்டர் இருக்கும்; அங்கும் இதே போல. மேல் பட்டியலிலேயே தெரிய வேண்டுமென்று ஒவ்வொரு உள்ஃபோல்டரையும் எட்டிப்பார்த்தால் வேகம் போய்விடும். திறந்த பிறகு பார்ப்பதே நல்லது.

ஓட்டும் விஷயத்தில் பலர் தேவையில்லாமல் சுற்றிவருகிறார்கள். இணையத்திலிருந்து ஓடும் ஆட்-ஆன்களில் ஒவ்வொரு வரியும் மறுபடி ப்ளகினையே அழைக்கும், ப்ளகின் உண்மையான முகவரியைக் கண்டுபிடித்துத் தரும். நம்மிடம் உண்மையான முகவரி ஏற்கெனவே இருக்கிறது, அந்தப் பாதையையே வரியின் முகவரியாகக் கொடுத்து, ஃபோல்டர் இல்லை என்று சொன்னால் போதும். எங்கே நிறுத்தினோம் என்ற நினைவு அந்த ஃபைலின் பாதையோடு ஒட்டியிருக்கும். சப்டைட்டில் பக்கத்தில் இருந்தால் அதுவும் கிடைக்கும்.

நெட்வொர்க் டிஸ்கின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எஸ்எம்பி பாதைக்குள்ளேயே வர முடியும். அந்தப் பாதையை லாகில் எழுதி, உதவி கேட்டு அந்த லாகை எங்காவது ஒட்டினால் கடவுச்சொல் ஊருக்கே தெரிந்துவிடும். உங்கள் செட்டிங்ஸில் கடவுச்சொல்லுக்கு ஓர் இடம் வைக்கவே வேண்டாம். கோடியில் ஏற்கெனவே சேர்த்த சோர்ஸ்களை (வீடியோ இருக்கும் இடங்களை) ஜேசன்-ஆர்பிசியில் ஃபைல்ஸ்.கெட்சோர்சஸ் என்று கேட்டு, அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுங்கள். கடவுச்சொல்லைப் பார்த்துக்கொள்வது கோடியின் பொறுப்பாகவே இருக்கட்டும்.

பெயர் மாற்றுவது, நகர்த்துவது, அழிப்பது மூன்றையும் முதல் பதிப்பில் வைக்காதீர்கள். கோடியே இதற்கான அனுமதியை இயல்பாக அணைத்துத்தான் வைத்திருக்கிறது. நான் எழுதிய ஒரு பதிப்பில் ஒரு டிஸ்கிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் வசதி வைத்தேன். நகலெடு, பிறகு மூலத்தை அழி என்று இரண்டே வரி. நகல் முழுசாகப் போனதா என்று பார்க்கும் வரி இல்லை. இலக்கு டிஸ்க் நிறைந்திருந்ததால் நகல் பாதியில் நின்றது, மூலம் அழிந்தது. அக்கா மகளின் காதுகுத்து வீடியோ அது. அதற்கு வேறு நகல் இல்லை. அந்த நாள் இன்னும் உறுத்துகிறது. கட்டாயம் வேண்டுமென்றால் நகலின் அளவை மூலத்தோடு ஒப்பிட்டு, இரண்டும் சமம் என்று தெரிந்த பிறகு, ஆம்-இல்லை என்று கேட்டுவிட்டு அழியுங்கள். கான்டெக்ஸ்ட் மெனுவில் ரன்ப்ளகின் வழியாக இப்படி ஒரு வேலையைத் தொடங்கும்போது டோக்கன் எண் -1 என்று வரும். பட்டியல் கேட்கவில்லை, வேலையை மட்டும் செய் என்று அர்த்தம். பட்டியல் கொடுக்கப் போகாமல் வேலையை முடித்து, கன்டெய்னரை, அதாவது திரையில் இருக்கும் பட்டியலை, ரெஃப்ரெஷ் செய்யச் சொல்லுங்கள்.

தேடலை இரண்டாம் பதிப்புக்கு வையுங்கள். எல்லா ஃபோல்டரையும் அப்போதைக்கு அப்போது துழாவுவது நெட்வொர்க்கில் தாங்காது. ஆட்-ஆனுக்கென்று கோடி ஒதுக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டரில் ஓர் எஸ்கியூலைட் (SQLite) தரவுத்தள ஃபைல், அதில் என்எஃப்சி ஆக்கிய பெயரும் மூலப் பாதையும். சர்வீஸ் வகையில் ஒரு சின்ன நிரல் பின்னணியில் அதைப் புதுப்பிக்கட்டும். அந்தச் சுழற்சியில் அவ்வப்போது கோடியின் மானிட்டரிடம் "நிறுத்தச் சொல்லிவிட்டார்களா" என்று கேளுங்கள். கேட்காவிட்டால் கோடியை மூடும்போது அது ஐந்து விநாடி காத்திருந்து உங்கள் நிரலை வலுக்கட்டாயமாகக் கொல்லும், எஸ்கியூலைட் எழுதிக்கொண்டிருக்கும் நேரமாகவும் அது இருக்கலாம்.

சோதிக்க, ஃபோல்டரை ஜிப் ஆக்கி அறியா மூலங்களை அனுமதித்து நிறுவலாம். ஜிப்பின் முதல் அடுக்கில் ஆட்-ஆனின் ஐடி பெயரிலேயே ஃபோல்டர் இருக்க வேண்டும், ஃபைல்கள் நேராக இருந்தால் ஏற்காது. நேராக ஆட்-ஆன்ஸ் ஃபோல்டரில் நகலெடுத்தால் அது முடக்கிய நிலையில் இருக்கும். மை ஆட்-ஆன்ஸில் போய் இயக்க வேண்டும். பிழை வந்தால் திரையில் தெரியும் ஒரு வரி எதற்கும் உதவாது. கோடி.லாகைத் திறந்தால் எந்த வரியில் விழுந்தது என்பது வரை இருக்கும். கோடியை மட்டும் ஓட்டுவதற்கான லினக்ஸான லிப்ரெஎலெக்கில் அது ஸ்டோரேஜ் ஃபோல்டருக்குள் புள்ளி வைத்த கோடி ஃபோல்டரில், டெம்ப்பில்.

திரையில் நீங்கள் காட்டும் சொற்களை நிரலுக்குள் எழுதாமல் மொழி ஃபைலில் 30000-லிருந்து எண் கொடுத்து எழுதுங்கள். ஆங்கில ஃபைல் ஒன்று கட்டாயம் வேண்டும். பக்கத்திலேயே தமிழுக்கு ஒன்று வையுங்கள், கோடிக்குத் தமிழ் மொழித் தொகுப்பு உண்டு. முதலில் ஒரே ஒரு ஃபோல்டரை லிஸ்ட்டிரில் படித்துத் திரையில் கொண்டுவாருங்கள். அடுத்து டிவிடி பகுதி. அப்பா அம்மா முதலில் திறக்கப்போவது அந்த ஃபோல்டரைத்தான்.